பெருந்தொற்றுப் பரிசோதனை விதிகளும் வெளிநாட்டுச் சுற்றுலாவும்: மணிக்கணக்கில் தவறாமல் திட்டமிடும் முறை

வெளிநாட்டிலிருந்து இந்தியா திரும்புகிறவர்கள் நிரப்பியாக வேண்டியிருந்த ‘ஏர் சுவிதா’ இணையதளப் படிவம் 2022 நவம்பர் 22 முதல் கைவிடப்பட்டபோது, கொரோனா பரிசோதனைச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறும் காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணினார்கள். ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை. சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செய்து, அதன் முடிவை அதே தளத்தில் பதிவேற்ற வேண்டும் என்ற அறிவிப்பு டிசம்பர் 29 அன்று வந்தது. நடைமுறைக்கு வந்த நாள் 2023 ஜனவரி 1. அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் போயிருந்த குடும்பங்கள், புத்தாண்டு நாளில் திறந்திருக்கும் பரிசோதனை நிலையத்தைத் தேட வேண்டியதாயிற்று. அந்த விதி பிப்ரவரி 13 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது என்பது வேறு செய்தி.

இந்த வழிகாட்டியை இப்போது எழுதுவதற்குக் காரணம் அதுதான். உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலையை 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டாலும், இதே வகை விதி மூன்று நாள் அவகாசத்தில் மறுபடியும் வரக்கூடும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறின, மாதத்துக்கு மாதம் மாறின. ஆனால் அவற்றைப் படிக்கும் முறையும், அவற்றுக்கேற்பப் பயணத்தை அடுக்கும் முறையும் மாறவில்லை. 2021 டிசம்பர் முதல் வாரத்தில், தடுப்பூசி போட்டவர்களுக்கென்று சிங்கப்பூர் திறந்துவிட்ட சிறப்பு வழித்தடத்தில் சென்னையிலிருந்து நாங்கள் நான்கு பேர் போய்வந்தபோது கற்றதையும், 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிற நாடுகள் விதித்திருந்த நிபந்தனைகளையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

விதியை எப்படிப் படிப்பது

“72 மணி நேரத்துக்குள் நெகட்டிவ் சான்று வேண்டும்” என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அதில் பாதிச் செய்திதான் இருக்கிறது. எந்த வகைப் பரிசோதனை, மணிக்கணக்கு எந்த நொடியில் தொடங்குகிறது, எந்த நொடியில் முடிகிறது, அந்தத் தாளை யார் எந்த இடத்தில் பார்க்கப் போகிறார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே விதி முழுமையாகத் தெரிந்ததாகக் கொள்ள வேண்டும்.

முதல் கேள்வியில் தவறுகிறவர்கள் குறைவு. பெரும்பாலான நாடுகள் ஆர்டி-பிசிஆர் கேட்டன. சில நாடுகள், சில நிமிடங்களில் முடிவு தரும் ஆன்டிஜென் பரிசோதனையையும் ஏற்றன, ஆனால் அதற்குக் குறைந்த கால அளவையே கொடுத்தன. ஆன்டிஜெனை ஏற்ற நாடுகள்கூட, வீட்டில் நாமே செய்துகொண்ட சோதனையின் படத்தைப் பொதுவாக ஏற்கவில்லை. பயிற்சி பெற்றவர் எடுத்ததாகவோ, அவர் பார்வையில் எடுத்ததாகவோ சான்று இருக்க வேண்டியிருந்தது.

தொடக்க நொடியைப் பொறுத்தவரை, ஏறக்குறைய எல்லா நாடுகளும் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்த நேரத்தையே கணக்கில் கொண்டன. முடிவு வெளியான நேரம் அதில் சேரவில்லை. நம்மவர்கள் அதிகமாகக் குழம்பியது இங்கேதான். அறிக்கை வியாழன் மாலை வந்ததென்பதால் வியாழன் மாலையிலிருந்து எண்ணியவர்கள், மாதிரி கொடுத்தது புதன் காலை என்பதைக் கவுண்டரில்தான் உணர்ந்தார்கள்.

முடியும் நொடி இன்னும் நுட்பமானது. முதல் விமானம் கிளம்பும் நேரம் வரை எண்ணிய நாடுகள் உண்டு. இத்தாலியைப் போல, நாட்டுக்குள் நுழையும் நேரம் வரை எண்ணிய நாடுகளும் உண்டு. பின்னதில் பறக்கும் நேரமும் இடையில் காத்திருக்கும் நேரமும் நம் கணக்கிலிருந்தே கழியும். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு வளைகுடா வழியாகப் போகிறவருக்கு அது எளிதாகப் பதினைந்து மணி நேரத்தை விழுங்கிவிடும். அமெரிக்காவோ மணியை விட்டுவிட்டு நாளை எண்ணியது. 2021 ஜனவரி 26 முதல் மூன்று நாள், அதே ஆண்டு டிசம்பர் 6 முதல் ஒரு நாள் என்று விதித்தபோது, வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு விமானம் என்றால் வியாழக்கிழமையின் எந்த நேரத்தில் எடுத்த பரிசோதனையும் செல்லும் என்று அவர்களே விளக்கம் கொடுத்திருந்தார்கள். அதே பயணிக்கு 24 மணி நேர விதி இருந்திருந்தால் வியாழன் காலை எட்டு மணிக்குக் கொடுத்த மாதிரி செல்லாமல் போயிருக்கும். நாள் என்று எழுதியிருந்தால் நாளாகவும், மணி என்று எழுதியிருந்தால் மணியாகவும் எண்ணுங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. உங்கள் சான்றை முதலில் சோதிப்பவர் நீங்கள் போகும் நாட்டின் குடியேற்ற அதிகாரி அல்லர். மீனம்பாக்கத்திலேயே நிற்கும் விமான நிறுவன ஊழியர்தான் அவர். ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பி அழைத்துவரும் செலவும் நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், ஐயம் எழுந்தால் அவர் மறுக்கவே செய்வார். அவர் கையில் இருப்பது, நாடுகளின் நுழைவு விதிகளை விமான நிறுவனங்களுக்குத் தொகுத்துத் தரும் ‘டிமாட்டிக்’ என்ற தரவுத்தளத்தில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அது. ஆகவே போகும் நாட்டு அரசின் தளத்தைப் படித்த கையோடு, உங்கள் விமான நிறுவனத்தின் பயணக் கட்டுப்பாட்டுப் பக்கத்தையும் படித்து, இரண்டும் மாறுபட்டால் கடுமையானதைப் பின்பற்றுவதே நடைமுறைக்கு உகந்தது. அரசுத் தளத்தின் அந்தப் பக்கத்தை, தேதி தெரியும்படி அச்செடுத்து வைத்திருப்பது கவுண்டரில் வாதத்தைச் சுருக்கும்.

பின்னாலிருந்து எண்ணுதல்

சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டியே கிளம்புகின்றன. “சனிக்கிழமை ராத்திரி ஃப்ளைட்” என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்போம். டிக்கெட்டில் ஞாயிறு அதிகாலை 1.30 என்று இருக்கும். பரிசோதனைக் கணக்குக்கு டிக்கெட்டில் உள்ளதே சரி.

இந்த விமானத்தையே எடுத்துக்கொண்டு 48 மணி நேர விதியைப் பொருத்திப் பார்க்கலாம். ஞாயிறு அதிகாலை 1.30இலிருந்து பின்னோக்கி எண்ணினால், வெள்ளி அதிகாலை 1.30க்கு முன்பு எடுத்த மாதிரி செல்லாது. ஆக, வியாழன் மாலை வேலை முடிந்து வரும் வழியில் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். வெள்ளி காலை எட்டு மணிக்கு மாதிரி கொடுத்தால், விமானம் கிளம்பும்போது அதன் வயது 41 மணி 30 நிமிடம்; விமானம் ஆறு மணி நேரம் தாமதமானாலும் சான்று உயிரோடு இருக்கும். இனி அறிக்கை எப்போது வரும் என்று பார்க்க வேண்டும். ஆய்வகம் 24 மணி நேரம் என்று சொன்னால் நான் 36 என்று எழுதிக்கொள்வேன். அப்படியும் சனி இரவு எட்டு மணிக்கு அறிக்கை கைக்கு வந்துவிடும். ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் பத்தரை மணிக்குத் திறக்கும் கவுண்டருக்குப் போய்ச் சேரலாம். வெள்ளி மாலை மாதிரி கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு உடைந்திருக்கும். எனவே 48 மணி நேர விதியில் நள்ளிரவு விமானத்துக்கு உண்மையில் பயன்படும் நேரம் ஒரே ஒரு காலைப்பொழுதுதான்.

விதி 72 மணி நேரமாக இருந்தால் வியாழக்கிழமையும் திறந்துகொள்ளும். அப்போது வியாழன் பிற்பகலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எல்லையின் விளிம்பில், வியாழன் அதிகாலையிலேயே ஓடிப்போய்க் கொடுத்தால் விமானத் தாமதத்துக்கு இடமிருக்காது. மாதிரி கெட்டுவிட்டது அல்லது முடிவு தெளிவாக இல்லை என்று ஆய்வகம் உடனே சொல்லிவிட்டால், வெள்ளி காலையில் இரண்டாவது முறை கொடுக்கவும் இடம் இருக்கும்.

நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2022 ஜனவரியில் 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு இருந்தது. பொங்கல் விடுமுறையும் அதனோடு சேர்ந்துகொண்டது. அந்த வாரத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் எந்த ஆய்வகம் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டியிருந்தது.

சில வழித்தடங்களில் இரண்டு பரிசோதனைகள் கேட்டார்கள் என்பதையும் மறக்கலாகாது. 2022 பிப்ரவரி 22இல் தளர்த்தப்படும் வரை, துபாய்க்குப் போன இந்தியப் பயணிகளுக்கு 48 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் மட்டும் போதாது. விமானம் கிளம்புவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள், விமான நிலையத்திலேயே விரைவு பிசிஆர் ஒன்றும் எடுக்க வேண்டும். அதற்கு வரிசையில் நின்று, மாதிரி கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, அதன் பிறகே கவுண்டருக்குப் போக முடியும். வழக்கமான மூன்று மணி நேரம் அங்கே செல்லாது. ஐந்தரை மணி நேரத்துக்கு முன்பே போய் நின்றவர்கள்தான் நிம்மதியாக ஏறினார்கள். கனடா இன்னும் ஒரு படி மேலே போய், 2021 செப்டம்பர் 27 முதல் இந்தியாவிலிருந்து நேரடி விமானத்தில் வருகிறவர்கள் டெல்லி விமான நிலையத்தில் குறிப்பிட்ட ஓர் ஆய்வகத்தில், கிளம்புவதற்கு 18 மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும் என்றது. டொரொன்டோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து போன பெற்றோர், இதற்காகவே முந்தைய நாள் டெல்லிக்குப் போய்த் தங்க வேண்டியிருந்தது.

இடையில் இறங்கும் நாட்டைப் பற்றி ஒரு சொல். ஒரே முன்பதிவில் அமைந்த இணைப்பு விமானம் என்றால், பெட்டி நேராகப் போய்விடும், நீங்களும் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே இருப்பீர்கள். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால், இடையில் பெட்டியை எடுத்து மறுபடியும் போட அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டி வரலாம். அப்போது அந்த நாட்டின் பரிசோதனை விதியும் உங்களைப் பிடிக்கும். சேமித்த ஐயாயிரம் ரூபாய் அங்கேயே கரையும்.

ஆய்வகத்தில் கவனிக்க வேண்டியவை

தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று பெயரில் இருக்கிறது. நம் ஆதாரில் தலைப்பெழுத்தும் பெயருமாக ‘எஸ். கலாவதி’ என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தையின் அல்லது கணவரின் பெயர் விரிந்து ‘கலாவதி சுந்தரம்’ என்றிருக்கும், தடுப்பூசிச் சான்றில் ஆதாரில் இருந்ததுபோல் வந்திருக்கும், ஆய்வகத்தில் பெயரைக் கேட்கும் பெண்ணோ காதில் விழுந்தபடி ‘கலா எஸ்’ என்று தட்டச்சு செய்துவிடுவார். நான்கும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரியாது. ஆகவே வாயால் பெயரைச் சொல்லாமல் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டி, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதியச் சொல்லுங்கள். குடும்பப்பெயர் இடம் காலியாக உள்ள பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், டிக்கெட்டில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அறிக்கையில் இருந்தே ஆக வேண்டியவை: பாஸ்போர்ட் எண், முழுப் பிறந்த தேதி, பரிசோதனையின் வகை, மாதிரி எடுத்த தேதியும் நேரமும், அறிக்கை வெளியான தேதியும் நேரமும், ஆய்வகத்தின் பெயரும் முகவரியும், அதன் அங்கீகார எண், கையொப்பம், அலைபேசியில் படித்தால் மூல அறிக்கையைத் திறக்கும் க்யூஆர் குறியீடு. ‘வயது 62’ என்று மட்டும் போட்டுத் தருவது நம் ஆய்வகங்களின் நெடுநாள் பழக்கம். உள்ளூர் மருத்துவருக்கு அது போதும், பயணத்துக்குப் போதாது. கோவின் தடுப்பூசிச் சான்றிலும் முதலில் இந்தக் குறை இருந்தது. பிறகுதான் பாஸ்போர்ட் எண்ணை இணைத்து, முழுப் பிறந்த தேதியோடு சர்வதேசப் பயணத்துக்கான தனி வடிவத்தைத் தரவிறக்கும் வசதி வந்தது.

எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாதிரி எடுக்க வந்த இளைஞர் முழுக் கவச உடையில் வியர்த்துக்கொண்டு, என் அம்மாவின் மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி, குப்பியில் ஒடித்துப் போட்டு, பெயர்ச்சீட்டை ஒட்டினார். நான்கு குப்பிகளிலும் பெயர் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டேன். மறுநாள் வந்த அறிக்கையையும் ‘நெகட்டிவ்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் மூடிவைத்துவிட்டேன். விமான நிலையக் கவுண்டரில் இருந்தவர் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது: அம்மாவின் அறிக்கையில் மாதிரி எடுத்த தேதி இருந்தது, நேரம் இல்லை. இரவு பதினொரு மணிக்கு ஆய்வகத்தின் அவசர எண்ணைப் பிடித்து, திருத்திய பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தபோது கவுண்டர் மூட இருபது நிமிடம் இருந்தது. அந்த எண்ணை ரசீதின் ஓரத்தில் எழுதி வாங்கியிருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அறிக்கை வந்த பத்து நிமிடத்துக்குள், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபாருங்கள். அச்சுப் பிரதி இரண்டும், அலைபேசியில் இணையம் இல்லாமலே திறக்கும் பிரதி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு விலக்கு உண்டா என்பதை மட்டும் ஊகித்துவிடாதீர்கள். அன்றைய விதிகளில், இந்தியா திரும்பும்போது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பரிசோதனை வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் இரண்டு வயதுக்குக் கீழ்தான் விலக்கு இருந்தது. துபாயிலோ பன்னிரண்டு வயதுக்குக் கீழ். ஒரே குழந்தைக்குப் போகும்போது விலக்கு இருந்து, திரும்பும்போது இல்லாமல் போகலாம்.

முடிவு பாசிட்டிவ் ஆனால்

இதை டிக்கெட் எடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும். நான்கு பேர் போகும் குடும்பத்தில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தாலும் பயணம் நின்றுவிடும் என்ற கணக்கில், தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டும், கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய தங்குமிடமும் சற்றுக் கூடுதல் விலையானாலும் எடுப்பது நல்லது. காப்பீட்டில், கொரோனா சிகிச்சைச் செலவோடு, தனிமைப்படுத்தலில் தங்கும் செலவும் அடங்குகிறதா என்று தனியாகக் கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. எங்கள் பயணத்தின்போது, குறுகிய காலத்துக்கு வருகிறவர்களிடம் குறைந்தது 30,000 சிங்கப்பூர் வெள்ளிக்கான மருத்துவக் காப்பீட்டைச் சிங்கப்பூர் கட்டாயமாக்கியிருந்தது.

தொற்றிலிருந்து அண்மையில் மீண்டவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. நோய் தணிந்து, பிறருக்குப் பரவும் நிலை கடந்த பின்னும், உடலில் எஞ்சிய வைரஸ் துணுக்குகளைப் பிசிஆர் பல வாரங்கள் வரை பிடித்துக் காட்டக்கூடும். இத்தகையவர்கள் ஆய்வகம் ஆய்வகமாக ஏறி இறங்கி நெகட்டிவ் தேடுவதில் பொருளில்லை. மீண்டவர்களுக்கான மாற்றுச் சான்றை அந்த நாடு ஏற்கிறதா என்று பாருங்கள்: அமெரிக்கா, 90 நாள்களுக்குள் எடுத்த பாசிட்டிவ் அறிக்கையோடு, பயணத்துக்குத் தகுதியானவர் என்ற மருத்துவர் கடிதத்தை ஏற்றது, ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சான்றில் மீண்டவருக்கான சான்று 180 நாள் வரை செல்லுபடியாயிற்று. அதனால் பாசிட்டிவ் வந்த முதல் அறிக்கையைக் கிழித்துப் போடாதீர்கள்.

போன இடத்திலும் திரும்பும்போதும்

இறங்கிய பிறகும் பரிசோதனை தொடரலாம். சாங்கி விமான நிலையத்தில் மாதிரி கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை அறையை விட்டு வெளியே வராமல் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. தாய்லாந்தின் ‘டெஸ்ட் அண்ட் கோ’ திட்டத்திலும் முதல் இரவை, முன்பே பணம் கட்டிய அங்கீகாரம் பெற்ற விடுதியில் கழிக்க வேண்டியிருந்தது. எனவே முதல் நாளுக்கு எந்த நுழைவுச்சீட்டும் வாங்காதீர்கள். இரவு உணவை அறைக்குக் கொண்டுவந்து தருவார்களா என்று விடுதியிடம் கேட்டுவையுங்கள். முதியவர்களோடு போகிறவர்கள் ஒரு வேளைக்கான சப்பாத்தியும் ஊறுகாயும் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் புளியோதரை வைத்திருந்தோம்.

திரும்பும் பரிசோதனையை இங்கிருந்தே பதிவு செய்துவிட வேண்டும். அந்த ஊர் விடுமுறைகள் நம் நாள்காட்டியில் இல்லை. 2022இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 1 அன்று வந்தது. அதற்கடுத்த நாளும் சிங்கப்பூரில் அரசு விடுமுறை, பல கிளினிக்குகள் மூடியிருக்கும். தங்கும் விடுதிக்கு அருகில் ஒன்று, விமான நிலையத்துக்கு அருகில் ஒன்று என இரண்டு இடங்களின் நேரத்தைக் குறித்துவைத்தால் போதும். கட்டணம் நம் ஊரைப் போலப் பல மடங்கு இருக்கும் என்பதால், ஒரு தலைக்கு இத்தனை என்று செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

இந்தியாவுக்கான படிவத்தைக் கடைசி இரவுக்கு வைக்க வேண்டாம். ஏர் சுவிதாவில் கடந்த 14 நாள்களில் போன நாடுகள், பாஸ்போர்ட் பிரதி, பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் கேட்டார்கள்; ஒவ்வொன்றும் பிடிஎஃப் கோப்பாக வேண்டும். அலைபேசியில் எடுத்த படத்தைக் கோப்பாக மாற்றத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருந்தால், நான்கு பேருக்கும் அவரே உட்கார்ந்து முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அந்த வேலை, பரிசோதனைக் குச்சிக்குப் பயந்து அழுத பதினொரு வயது மகளுக்குப் போனது. அவள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுத் தூங்கப் போனாள்.